ஓரியூர்ச் செம்மண்: அருளானந்தர் திருத்தலமும் சேதுநாட்டு வரலாறும்

இராமேசுவரத்துக்குச் சேது யாத்திரை செய்தல் யாழ்ப்பாணத்துச் சைவமக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். 1964ஆம் ஆண்டு மார்கழி மாதப் புயலில் தனுக்கோடி அழியும்வரை நம் முன்னோர் தலைமன்னாரிற் கப்பலேறிச் சில மணி நேரத்தில் அக்கரை அடைந்தனர். இன்று வழி சுற்று வழியாயிற்று. ஆயினும் யாத்திரை நின்றபாடில்லை. அவ்வாறு சென்று திரும்புவோர், இராமநாதபுரத்துக்கு வடக்கே திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற திருவாடானையையும் வணங்கி வருவதுண்டு. அத்திருவாடானை வட்டத்திலே, பாம்பாற்றங் கரையில், ஓரியூர் என்னுஞ் சிற்றூர் உளது. அங்குள்ளது சிவாலயமன்று, கத்தோலிக்கர் போற்றும் புனித அருளானந்தர் திருத்தலம். யாத்திரையின் முடிவில், உடன்வந்த அன்பரொருவர் தூண்ட, யானும் அவ்வூருக்குச் சென்று ஒரு பகற்பொழுது தங்கினேன்.

ஆங்குக் கண்டவற்றுள் ஒன்று என் சிந்தையை விட்டகலவில்லை. அருளானந்தர் வெட்டுண்டு வீழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்து மண் செந்நிறமுடையது. அவர் சிந்திய குருதியே அந்நிறத்தைத் தந்ததென்பது மக்கள் நம்பிக்கை. நெற்றியிலே திருநீறு துலங்கிய மூதாட்டி ஒருவர் அம்மண்ணிற் சிறிது அள்ளிச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டிருந்தார். தாங்கள் கிறித்தவரோ என வினவினேன். "இல்லை ஐயா, நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் இவரும் எங்கள் சாமிதான்" என்றார் அவர். அருகே ஒரு குடும்பத்தார் பிள்ளைக்கு முடியிறக்கினர். சற்றப்பால் மற்றொரு குடும்பத்தார் நேர்ந்துவிட்ட ஆட்டைக் கறியாக்கி உறவினருக்கும் வந்தவர்க்கும் பகிர்ந்தனர். முடிகாணிக்கையும் ஆட்டுக்கிடாய் நேர்த்தியும் அத்தலத்திற் பலகாலமாக உள்ள வழக்கங்களே. நாவலர் பெருமான் கண்டித்த வேள்வியை நம்மூர்க் கோவில்களிற் கண்டறிந்த எனக்கு, அதனை ஒத்ததொன்றைக் கத்தோலிக்கத் தலமொன்றிற் காண்பது வியப்பாயிருந்தது.

ஆயின் அதனினும் பெரிய வியப்பு ஒன்றுண்டு. அருளானந்தரைக் கொல்வித்தவர் அந்நாட்டு மன்னர். கொன்றவர் அந்நாட்டு வீரர். அவ்வாறாயின், கொன்ற நாட்டின் வழித்தோன்றல்களே கொலையுண்டவரைத் தெய்வமெனக் கும்பிடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண வேண்டின் சேதுநாட்டின் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

அருளானந்தர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட யோன் டி பிரிட்டோ 1647ஆம் ஆண்டு பங்குனி மாதம் 1ஆந் திகதி போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பனில் உயர்குடியிற் பிறந்தவர். இளமையில் அரண்மனையிற் பணியாளராக வளர்ந்து, பின்னர் இரண்டாம் பேதுரு என முடிசூடிய இளவரசனுக்குத் தோழராயிருந்தவர். கொடிய நோயுற்ற காலத்தில் அவர் அன்னையார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தெழவே, ஓராண்டுக்காலம் இயேசு சபையாரின் அங்கிபோன்ற உடையை அவருக்கு உடுத்து நேர்த்தி தீர்த்தார். பிள்ளை நோய் தீர நேர்ந்து காவியுடுத்துக் கதிர்காமத்துக்கு அனுப்பும் நம் தாய்மாருக்கும் அவ்வம்மையாருக்கும் இடையில் வேற்றுமை யாதுளது? 1662ஆம் ஆண்டில் அவர் இயேசு சபையிற் சேர்ந்தார். 1673இல் குருப்பட்டம் பெற்று அவ்வாண்டிலேயே கோவைத் துறைமுகம் அடைந்தார். அங்கிருந்து மதுரை மிசனுக்கு வந்தார்.

அம்மிசனின் வரலாறு 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் றொபேட் டி நொபிலியோடு சிறப்புறுவது. பறங்கியர் என்ற பெயர் தமிழகத்தில் இழிவுப்பெயராயிருந்தமையால், தாம் பறங்கியரல்லர் எனக் காட்டுதற்கு நொபிலி துறவிக் கோலம் பூண்டு, புலாலுணவு நீத்து, தமிழும் வடமொழியுங் கற்றார். அந்தணர்க்குரிய ஆசாரத்தோடு ஒழுகிய துறவி ஏனைய மக்களோடு நெருங்கிப் பழக இயலாதாயிற்று. அக்குறையை நீக்குதற்பொருட்டு 1640ஆம் ஆண்டளவிற் பண்டார சுவாமிகள் எனப்பட்ட இன்னொரு வகைத் தொண்டர் தோன்றினர். இவர்கள் காவியுடுத்து, காதணி பூண்டு, கோலேந்தி, வேளாளர் முதலிய பல சாதியாரோடும் பழகினர். அருளானந்தர் இவ்வகையினர். அவர் பெயரே இதற்குச் சான்று. அருள், ஆனந்தம் என்னும் இரு சொல்லும் நம் சித்தாந்த நூல்களிலே பெருவழக்கின. யாழ்ப்பாணத்திலே அருளானந்தம் என்னும் பெயரைச் சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே தம் மக்களுக்கு இட்டு வருதலை நாம் நாடோறுங் காண்கின்றோம். அப்பெயருடையார் எந்தச் சமயத்தவரென்பது கேட்டறிந்தாலன்றித் தெரியாது.

இனி மறவர் நாட்டின் நிலையை நோக்குவோம். அக்காலத்திற் சேதுநாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி எனப் புகழ்பெற்ற இரகுநாத சேதுபதி. இவர் போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை அமைத்தவர்; மதுரை நாயக்கருக்கு அடங்கிய நிலையை மெல்ல நீக்கித் தனியாட்சி கண்டவர். 1702ஆம் ஆண்டில் இராணி மங்கம்மாள் அனுப்பிய படை இவரிடந் தோற்றது; அதன் தளவாய் நரசப்பையரும் போரில் மாண்டார். இவர் பிற சமயத்தாரை வெறுத்தவரெனக் கூறுதல் இயலாது. உமறுப்புலவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதி இவருக்கு உற்ற துணைவராயிருந்தமை தமிழுலகம் அறிந்தது. சேதுகாவலர் என்னும் விருதுடைய ஒரு சைவ மன்னருக்கு இசுலாமியர் ஒருவர் நண்பராதல் கூடுமெனின், கிறித்தவத் துறவி ஒருவர்மீது அவர் கொண்ட சினத்துக்குச் சமயவெறுப்பு மட்டுமே காரணமென்று எளிதில் முடிவுகட்டுதல் பொருந்தாது.

1686ஆம் ஆண்டில் அருளானந்தர் மறவர் நாட்டுக்குட் புகுந்து சில மாதங்களிற் பலரைத் தம் சமயத்திற் சேர்த்தார். ஆடி மாதத்தில் அவரும் உபதேசிமார் சிலரும் மங்கலம் என்னுமிடத்தருகே சிறைப்பட்டு வதைக்கப்பட்டனர். முடிவில் இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது சேதுபதி அவரை விசாரித்து, அவர் போதித்த நெறியைக் கேட்டு, இந்நாட்டில் இனிப் போதித்தல் கூடாதென எச்சரித்து விடுதலை செய்தார். இந்நிகழ்ச்சி மிகவும் கருதற்பாலது. கொல்ல வேண்டுமென்னும் எண்ணம் மன்னருக்கிருப்பின் அன்றே கொன்றிருக்கலாம், தடுப்பாரில்லை. அவர் கொன்றிலர்.

அதன்பின் சபையின் பணிமேல் அருளானந்தர் ஐரோப்பா சென்று 1687இல் லிஸ்பனை அடைந்தார். பழைய தோழனாகிய அரசன் அவரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினான். அவர் இசைந்திலர், 1690ஆம் ஆண்டில் மீண்டும் இந்தியா வந்து, எச்சரிக்கையை அறிந்தும், மறவர் நாட்டுக்கே திரும்பினார். இதனைத் துணிவென்பர் அவரைப் போற்றுவார். அரச ஆணையை மீறிய செயலென்பர் பிறர். இரண்டும் உண்மையே.

முன்னர்ப் பொறுத்த மன்னர் பின்னர்ப் பொறாமைக்குக் காரணம் தடியத்தேவர் என்பாரது மதமாற்றமாகும். இவர் சிறுவல்லிப் பகுதியின் தலைவர். சேதுநாட்டு அரசுரிமைக்குத் தாமும் உரியவரெனக் கருதப்பட்ட குடியிற் பிறந்தவர். கடுநோயுற்றிருந்த இவர் உபதேசியார் ஒருவரது வேண்டுதலால் நோய் நீங்கினாரெனவும், அதனாற் கிறித்தவராக விரும்பினாரெனவும் இயேசு சபையாரின் கடிதங்கள் கூறும். அவருக்கு மனைவியர் ஐவர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை நீக்கினாலன்றி ஞானஸ்நானம் இல்லையென அருளானந்தர் தெளிவாக உரைத்தார். தடியத்தேவர் இசைந்து 1693ஆம் ஆண்டு தை மாதம் 6ஆந் திகதி ஞானஸ்நானம் பெற்றார். நீக்கப்பட்ட மனைவியருள் இளையவர் கடலை என்னும் பெயரினர். சேதுபதியின் உறவுமுறையில் மகளாவார். அவர் இராமநாதபுரஞ் சென்று முறையிட்டார். இரண்டு நாளில், தை 8ஆந் திகதி, அருளானந்தர் சிறைசெய்யப்பட்டார்.

மறவர் நாட்டில் மணவுறவு வெறும் இல்லறமாக மட்டும் இருந்ததில்லை; அது பாளையத்தைப் பாளையத்தோடு பிணித்த கயிறு. ஒரு தலைவன் மன்னன் குடியிற் பெண்கொண்டான் எனின், அவன் படை மன்னன் பக்கம் நிற்குமென்பது பொருள். அரசுரிமைக்குப் போட்டியாளராகக் கூடிய ஒருவர் அக்கயிற்றை அறுத்தெறிதலை எந்த அரசரும் வெறுஞ் சமய நிகழ்ச்சியாகக் கண்டிருக்க மாட்டார். மேலும், புதிய குருவின் சொற்கேட்டு அவர் அவ்வாறு செய்தாரெனின், நாளை அக்குருவின் சொல்லுக்கு எத்துணைப் படை எழுமோ என்னும் ஐயமும் பிறந்திருக்கும். இயேசு சபையார் எழுதியபடியே பார்ப்பினும் இது புலனாகும். சேதுபதி வெளிப்படையாக அளித்த தீர்ப்பு நாடுகடத்தல் என்பதே. மறைவாகத் தம் தம்பியும் ஓரியூர்ப் பகுதி அதிபருமாகிய உடையத்தேவருக்குக் கொலையாணை அனுப்பினார் என அவர்கள் கூறுகின்றனர். தடியத்தேவரின் கிளர்ச்சிக்கு அஞ்சியே மறைவுவழி நாடினார் எனக் கோடல் தகும். தம் சமயத்தைக் காக்கும் பெருமிதத்தோடு செய்யும் செயலை எவரும் மறைத்துச் செய்யார். அரசியல் அச்சமே மறைவை நாடுவது.

ஆயினும், இவ்வரலாற்றிற் பேசாது நிற்பவர் ஒருசாரார் உளர். அவர் நீக்கப்பட்ட மனைவியர். அவர்களுக்குப் பராமரிப்பு அளிக்கத் தடியத்தேவர் உடன்பட்டார் என்பர். ஆயின் வாழ்வும் மதிப்பும் உணவுடையால் நிரம்புவன அல்ல. கடலை என்னும் அப்பெண்ணைத் தீயவளாகவே வேதசாட்சி வரலாறுகள் தீட்டியுள்ளன. தன்மேற் குற்றமொன்றுமின்றி ஒருநாளிற் கணவனை இழந்த பெண், தன் குடும்பத்துத் தலைவனிடஞ் சென்று முறையிட்டமை இயல்பேயன்றோ? மறுபுறம், பல மனைவியரை மணக்கும் வழக்கம் அப்பெண்களுக்கு நன்மை செய்ததென்றும் நாம் வாதிடுதல் இயலாது. கிழவன் சேதுபதி 1710ஆம் ஆண்டில் இறந்தபோது அவர்தம் தேவியர் நாற்பத்தெழுவர் உடன்கட்டை ஏறினர் என்று கூறப்படுகின்றது. ஒரு பக்கம் தள்ளப்பட்ட நால்வர்; மறுபக்கம் தீயில் வீழ்ந்த நாற்பத்தெழுவர். நீதி எப்பக்கத்திலும் முழுமையாக நின்றதில்லை.

1693ஆம் ஆண்டு மாசி மாதம் 4ஆந் திகதி, விபூதிப் புதனன்று, பாம்பாற்றங் கரையில் அருளானந்தர் வாளால் வெட்டுண்டு இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தாறு நிரம்பவில்லை. முதல்நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. சாவை அஞ்சாது மகிழ்வோடு எதிர்நோக்கியிருந்தமை அவற்றாற் புலப்படும். அவர் கொள்கையை ஏற்பார் ஏற்க, ஏலாதார் விடுக. அவ்வுள்ளத்தின் உறுதியை ஐயுறுதற்கிடமில்லை.

அவர் புனிதராக ஏற்கப்படுதற்கு இரண்டரை நூற்றாண்டு சென்றது. இதற்கு ஒரு காரணம் நமக்குச் சுவை பயப்பது. காவியும் சந்தனமும் தமிழ் ஆசாரங்களும் கிறித்தவக் குருமாருக்குத் தகுமோ என்னும் பெருவழக்கு அக்காலத்து உரோமாபுரியில் நிகழ்ந்தது. அருளானந்தர் அவ்வாசாரங்களைக் கைக்கொண்டவராதலின் அவரை வேதசாட்சியெனக் கொள்ளலாமோ என்னும் வினா எழுந்தது. 1741ஆம் ஆண்டில், பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசர், அது தடையாகாதென முடிவுசெய்தார். அதே பாப்பரசர் 1744இல் அவ்வாசாரங்கள் பலவற்றை விலக்கி ஆணையிட்டார். 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1830களின் இறுதியிலேயே அச்சபையார் மதுரைப் பகுதிக்கு மீண்டனர். 1853இல் ஒன்பதாம் பத்திநாதர் அருளானந்தருக்கு முத்திப்பேறுபெற்றவர் பட்டம் அளித்தார். 1947ஆம் ஆண்டு ஆனி மாதம் 22ஆந் திகதி பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

உரோமாபுரி ஆராய்ந்துகொண்டிருந்த அந்நெடுங்காலத்தில் மக்கள் காத்திருக்கவில்லை என்பதே ஓரியூர் நமக்குக் காட்டும் உண்மை. தீர்ப்புக்கு முன்னரே மண்ணெடுத்தனர், நேர்ந்தனர், முடியிறக்கினர். இதனை விளங்கிக்கொள்ளுதற்கு ஐரோப்பிய நூல்களை நாடவேண்டுவதில்லை; நம் பழந்தமிழ் வழக்கே போதியது. போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, பீலிசூட்டி, பலியிட்டுப் பரவியது தமிழர் மரபு. அஞ்சாது செத்தவன் ஆற்றலுடையவன். அவன் குருதி வீழ்ந்த மண்ணும் ஆற்றலுடையது. அவன் நம்மவனா மாற்றானா என்பது இரண்டாவது வினா. வீரத்தையே குலத்தொழிலாகக் கொண்ட மறவர், வாளின்முன் தலைதாழ்த்தி நின்ற ஒருவரிடத்தும் அவ்வீரத்தைக் கண்டனர். வாளேந்தியவன் காட்டும் வீரத்தினும் வாளின்றி நின்றவன் காட்டிய வீரம் சிறிதன்று என்பதை அவர்கள் உணர்ந்தமைக்கு அச்செம்மண்ணே சான்று. கொன்ற நாடு கொலையுண்டவரை வணங்குவது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை ஈதேயாம் என்பது என் கருத்து.

இவ்வரலாறு யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு வேறொருவகையிலும் உரியது. சேதுகாவலர் என்னும் விருது இராமநாதபுரத்தாருக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் தம் காசுகளிற் "சேது" எனப் பொறித்தவர்களே. இங்கும் 1544ஆம் ஆண்டில், சங்கிலி மன்னன் மன்னாரிற் புதிதாகக் கிறித்தவரானோரைக் கொல்வித்தான். தோட்டவெளி ஆலயம் இன்றும் அவர்களை நினைவுகூருகின்றது. அங்குந் தம் குடிகள் பறங்கியரின் குடிகளாவர் என்னும் அரசியல் அச்சம் பின்னின்றது. அதன்பின்னர், 1621ஆம் ஆண்டில், போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தான். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர்; அவர்கள் சைவரை மட்டுமன்றிக் கத்தோலிக்கரையும் ஒடுக்கினர். அருளானந்தர் ஐரோப்பா சென்ற அதே 1687ஆம் ஆண்டிலேதான், யோசேவ் வாஸ் என்னும் கோவைக் குருவானவர் கூலியாள் வேடம் பூண்டு யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தார். கிறித்தவ அரசுக்கு அஞ்சி ஒளித்து வாழ்ந்த அவருக்குப் பின்னர் இடமளித்தவர் கண்டியை ஆண்ட பௌத்த மன்னர். அவர் 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆந் திகதி கொழும்பிற் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பெற்றதை நாமெல்லாம் அறிவோம்.

இவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்து, துன்புறுத்துவோர் சமயமொன்று, துன்புறுவோர் சமயமொன்று எனப் பிரித்தல் இயலாதென்பது தெளிவாம். அதிகாரம் அஞ்சியபோதெல்லாம் கொன்றது. அது எக்கோலம் பூண்டிருந்ததென்பது காலத்தைப் பொறுத்தது. ஆகலின் வரலாறு கற்பிக்கும் ஆசிரியராகிய எம்மவர்க்கு ஒரு கடமை உண்டு. நல்லூர் இடிபட்டதைச் சொல்லும்போது குரல் உயர்ந்து, மன்னார்க் கொலையைச் சொல்லும்போது குரல் தாழ்தல் ஆகாது. இருவகை நிகழ்ச்சியையும் ஒரே கோலால் அளத்தல் வேண்டும். மாணவர் நம் குரலின் ஏற்றத்தாழ்வையே முதலிற் கற்கின்றனர். ஆண்டும் பெயரும் அதன்பின்னரே அவர் மனத்திற் படிகின்றன.

மாலையில் ஓரியூரைவிட்டு நீங்குமுன் யானும் அச்செம்மண்ணருகே சிறிதுநேரம் நின்றேன். மண்ணை எடுத்தேனல்லேன், ஆயினும் என்னையறியாமலே கைகள் குவிந்தன. அருளானந்தர் போதித்த சமயம் என் சமயமன்று. அவரைக் கொல்வித்த மன்னர் காத்த சேதுவோ என் முன்னோர் தலைமுறை தலைமுறையாக நீராடிய சேது. இருவருக்கும் நடுவே நின்று கைகூப்புதல் ஒரு சைவனுக்கு இயலுவதே என்பதனை, சேலைத்தலைப்பில் மண்முடிந்த அம்மூதாட்டி எனக்கு முன்னரே அறிந்திருந்தார்.